முதல் குடம்

இந்த வருஷக் கந்தசஷ்டிக்கு மலை மந்திர் முருகன் கோயிலில் முதல் பால்குடம் பாப்பம்மாளுக்கு என்று ஆர்.கே.புரம் பெண்கள் பேசி முடித்தார்கள். டெல்லிக்கு வந்த நாளாய் அவள் ஆசைப்பட்ட குடம். சந்தோஷத்தில் சிரிப்பு பொங்கியது. சிரிப்போடு சிறுநீரும் கசிந்துவிட்டது. காலை இறுக்கிக்கொண்டு, எல்லோரும் கலையும்வரை எழுந்திருக்காமல் இருந்தாள்.

தும்மினால், சிரித்தால், வாளியைத் தூக்கினால் கசிவு. அதற்குப் பயந்துதான் வெளியே எங்கே போனாலும் தண்ணீர்கூட வேண்டாம் என்பாள். அதைப் போய் நிர்ஜல விரதம் என்று ஊரே நம்பிவிட்டது. பக்கத்து வீட்டு சாந்தகுமாரிதான் இடத்துக்கு இடம் சொல்லிப் பரப்பினாள்.

மாடி வீட்டு அம்சவேணியிடம் போய், முழங்கால் வலி, குடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள்.

"நேத்து பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சீங்களே அக்கா, அது யார் முழங்காலு?"

பாப்பம்மாளுக்கு வேறு வழியில்லை. சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அம்சவேணி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என் பாவாடைக்குள்ள எங்க வீட்டுக்காரர் வேட்டி பாதி கிழிச்சு மடிச்சு வச்சிருக்கு. அவரு இன்னும் தேடிட்டிருக்காரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் காலை இறுக்கிக்கொண்டார்கள். டிஸ்பென்சரி டாக்டரம்மா தண்ணீரை நிறுத்தவே கூடாது என்றாராம். சிறுநீரை அடக்குகிற மாதிரி தசையை இறுக்கி, பிறகு தளர்த்திப் பழகச் சொன்னாராம். அம்சவேணிக்குப் பாதி குறைந்திருக்கிறதாம்.

"அது சரி. படியில, முருகன் முன்னாடி, ஊரே பார்க்க..."

"பிள்ளை பெத்த உடம்பை முருகனா குத்தம் சொல்லுவான்? ஊருக்குத்தான் வழி வேணும்." அம்சவேணி யோசித்தாள். "நம்ம பக்கம் பால்குடம் எப்படி எடுப்போம்?"

"தலையில மஞ்சத்தண்ணி ஊத்தி, ஈரப்புடவையோட..."

பாப்பம்மாள் பாதியில் நிறுத்தினாள். அம்சவேணி அவள் தொடையில் ஓங்கித் தட்டினாள்.

டெல்லிக் குளிர் என்று கைவிட்ட வழக்கத்தை அம்சவேணி வீடு வீடாகப் போய் மீட்டுக்கொண்டு வந்தாள். ஆச்சரியம், ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை.

சஷ்டியன்று அடிவாரத்தில் மேளம் முழங்கியது. மஞ்சள் தண்ணீர் வாளி வாளியாக இறங்கியது. பல் கிடுகிடுக்கப் பெண்கள் குலவையிட்டார்கள். பாப்பம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தாள். சாந்தகுமாரி வாயைப் பிளந்தாள்.

"அக்கா, விரதம்?"

"விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. கசிஞ்சிடுமேன்னு பயம்."

யாரும் தடுப்பதற்குள் குடம் தலைக்கு ஏறிவிட்டது. மேளத்தோடு கால் தானாக நடந்தது. பாதிப் படியில் கசிந்தது. அவள் நிற்கவில்லை.

உச்சியில் குடத்தை இறக்குகிறபோது பின்னாலிருந்து சாந்தகுமாரி காதருகே வந்தாள்.

"ஈரத்தோட ஏறச் சொன்ன புண்ணியவதி நல்லா இருக்கணும் அக்கா. நானும் தப்பிச்சேன்."

பாப்பம்மாள் குடம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். காலை இறுக்கிக்கொள்ளவில்லை.