நான்கு வினாடிகள்

பிளாஸ்டிக் சறுக்குமரத்தின் இரண்டாவது படியிலிருந்து ஓட்டிஸ் தவறி விழுந்தபோது ஷெல்பி தன் உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு நான்கு வயது. கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்து, ரத்தம் மோவாய் வரை ஒரு கோடாக இறங்கியது. அவன் உடனே அழவில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தான். ஷெல்பி அவனைப் பார்க்கவில்லை. மூலையில், மடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த குழந்தை நல அதிகாரி கிர்ஸ்டனைப் பார்த்தாள். "நான் தொடச்சு விடலாமா?" என்று கேட்டாள். கிர்ஸ்டன் தலையசைத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

நான் அந்தச் சந்திப்பு அறையில் இல்லை. நடைவழியில் நின்று, கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு மனதுக்குள் 'சபாஷ்' என்று சொல்லிக்கொண்டேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

இந்த வாட்டர்லூ நகரத்தில் எங்களைப் பெற்றோர் துணையாளர் என்பார்கள். பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டு போய் வளர்ப்பு வீட்டில் விட்டு, பிறகு போராடி அவர்களைத் திரும்பப் பெற்றவர்கள் நாங்கள். இப்போது இழந்து நிற்பவர்களின் பக்கத்தில் உட்காருவது எங்கள் வேலை. என் கதை பதினோரு வருடம் பழையது. காரணம் குடி. மகளையும் மகனையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரி முன்னிலையில் நடந்த மூன்றாவது சந்திப்பில் என் மகளின் தலைமுடியை யாரோ கன்னாபின்னாவென்று வெட்டியிருப்பதைப் பார்த்து அந்த அறையே அதிரக் கத்தினேன். 'தாய் ஆக்ரோஷமானவர்' என்று எழுதினார்கள். என்னைப் போன்ற கறுப்பினப் பெண் ஒருத்தி குரலை உயர்த்தினால் அந்தச் சொல் தயாராகக் காத்திருக்கும். அந்த ஒரு சொல்லைக் கோப்பிலிருந்து கரைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஏழு மாதத்தில் என் மகன் என்னை 'மேடம்' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்தான்.

அதனால் என்னிடம் வருகிற ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் முதல் வாரமே பாடம் எடுப்பேன். அழாதே. கத்தாதே. 'சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதே. காயம், மருந்து, சாப்பாடு எதுவானாலும் தொடுவதற்கு முன் கேள். கை நடுங்கினால் தொடைக்கு அடியில் வை. இருபத்து மூன்று குடும்பங்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஷெல்பி அளவுக்கு யாரும் இதை மனப்பாடம் செய்ததில்லை.

ஷெல்பிக்கு இருபத்து நான்கு வயது. பன்றி இறைச்சி ஆலையில் வெட்டுமேசையில் நின்றவள். தோள்பட்டை போனது, வலி மாத்திரை வந்தது, பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை வந்தது. ஒரு மார்ச் மாதக் காலையில் அவள் சோபாவில் நினைவில்லாமல் கிடக்க, ஓட்டிஸ் இரவு உடையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். ஓட்டுநர்தான் போலீசைக் கூப்பிட்டார். அதெல்லாம் பதினோரு மாதத்துக்கு முன்பு. மாத்திரையை விட்டு இப்போது ஒன்பது மாதம். அடுத்த படி, மகன் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து போவது. அதை முடிவுசெய்யும் கூட்டம் வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். மறுத்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு வருடம் தாண்டிவிடும். ஒரு வருடம் தாண்டினால் நீதிபதிகள் 'நிரந்தர ஏற்பாடு' என்று பேசத் தொடங்குவார்கள். நிரந்தரம் என்றால் வேறு தாய் என்று பொருள்.

புதன்கிழமை மதியம் கிர்ஸ்டன் எழுதிய அறிக்கையின் நகல் வந்தது. என் காரில் வைத்து ஷெல்பி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'தாய் உணர்ச்சி ஏதும் காட்டவில்லை. கடந்த ஆறு சந்திப்புகளிலும் இதே நிலை. குழந்தை காயப்பட்டபோது ஏறத்தாழ நான்கு வினாடிகள் எதிர்வினை இல்லை. சந்திப்புக்குப் பிறகு குழந்தை, அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று கேட்டது.'" அவள் தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "வீட்டுச் சந்திப்புக்கு இன்னும் தகுதி இல்லையாம்."

நான் காரின் வெப்பத்தைக் கூட்டினேன்.

"மரப் பொம்ம மாதிரி உக்காந்திருக்கேனாம், மிஸ் வெர்னெட்டா. நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்? அழாதன்னீங்க, அழல. தொடாதன்னீங்க, தொடல. எம் புள்ள வாயில ரத்தம் வருது, நான் பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி கை தூக்கி அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

"கண்ணு..."

"கண்ணு மூக்கெல்லாம் வேண்டாம். கத்துனா கோவக்காரி. கத்தலன்னா கல்நெஞ்சுக்காரி. அப்ப நான் எப்படித்தான் உக்காரணும்? நீங்களே சொல்லுங்க, எல்லாம் தெரிஞ்சவங்க!"

காரின் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பனியில் இறங்கி நடந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவளைப் பேசவிடாமல் பாடம் நடத்தியவள் நான். வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பழைய காயத்துக்குப் போட்ட கட்டுத்துணியை, காயமே இல்லாத ஒருத்தியின் கையில் இறுக்கிக் கட்டிவிட்டிருக்கிறேன். அவள் கை மரத்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஐந்து பேர். கிர்ஸ்டன், ஷெல்பி, நான், வளர்ப்புத்தாய் மார்லிஸ், மேசை நடுவில் கிடந்த தொலைபேசிக்குள்ளிருந்து ஷெல்பியின் வக்கீல். அவர் வேறு ஏதோ நீதிமன்ற நடைவழியில் நின்றுகொண்டு பேசினார். பாதி வார்த்தைகள் வரவில்லை. மார்லிஸ் அறுபது வயதைத் தொட்ட விவசாயக் குடும்பத்துப் பெண். பக்கத்து மாவட்டத்தில் சோளக்காடு. வந்ததும் எல்லோர் முன்னாலும் ஒரு டப்பா எலுமிச்சை கேக் துண்டுகளைத் திறந்துவைத்தார். யாரும் எடுக்கவில்லை.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு: பெற்றோரின் வாயாக இருக்காதே, பக்கத்து நாற்காலியாக இரு. கூட்டத்தில் அவர்களுக்குப் பதில் நாங்கள் பேசக் கூடாது. இந்த வேலைக்கு வந்த நாலு வருடத்தில் ஒரு முறைகூட நான் அந்த விதியை மீறியதில்லை. கிர்ஸ்டன் அறிக்கையை வாசித்து முடித்தாள். ஷெல்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"அது நான்" என்றேன்.

கிர்ஸ்டன் நிமிர்ந்தாள். "எது?"

"அந்த நாலு வினாடி. அனுமதி கேக்காம தொடாதன்னு சொல்லிக் குடுத்தது நான். கைய அப்படி வெக்கச் சொன்னதும் நான். இப்பகூடப் பாருங்க, வெச்சிருக்கா."

எல்லோரும் பார்த்தார்கள். ஷெல்பி வெடுக்கென்று கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மடியில் வைத்தாள்.

"நான் கண்ணால பாத்ததத்தான் எழுதினேன், வெர்னெட்டா" என்றாள் கிர்ஸ்டன். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தெட்டுப் பிள்ளைகளின் கோப்பு அவள் மேசையில் இருக்கிறது.

"நீங்க எழுதினது சரிதான். ஆனா நீங்க அங்க பாத்தது இவள இல்ல. என்னோட பயத்த."

தொலைபேசிக்குள்ளிருந்து வக்கீல், "யாரு பேசறது? இது பதிவாகுதா?" என்றார்.

"அது ஒரு விளக்கம்தான்" என்று கிர்ஸ்டன் மெதுவாகச் சொன்னாள். "ஆனா விளக்கத்த வெச்சு ஒரு நாலு வயசுப் புள்ளைய நான் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நான் எதையாவது பாக்கணும் இல்லையா?"

 சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அது போதவில்லை.

மார்லிஸ் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு கேக்கலாமா? இந்த அறிக்கையப் பத்தி இல்ல." ஷெல்பியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஓட்டிஸ் தலைக்கு நீ எப்படித் தண்ணி ஊத்துவ? காதுல அடிக்கடி சீழ் பிடிக்குதுன்னு உள்ள ஒரு சின்னக் குழாய் வெச்சிருக்காங்கல்ல, தண்ணி போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. நான் கோப்பைய எடுத்தாலே ஊரக் கூட்டிடறான். இத்தன மாசமா ஈரத்துணியாலதான் தொடைக்கிறேன். நாலு புள்ள பெத்தவ நான், கன்னுக்குட்டியெல்லாம் குளிப்பாட்டியிருக்கேன். இவன்கிட்ட தோத்துட்டேன்."

"ஏன் இத்தன நாள் கேக்கல?" என்றாள் கிர்ஸ்டன்.

"யாருகிட்ட கேக்கறது? நாங்க ரெண்டு பேரும் நேரா பேசக் கூடாதுன்னு நெனச்சேன்."

ஷெல்பி முதலில் கிர்ஸ்டனைத்தான் பார்த்தாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பிறகு மார்லிஸைப் பார்த்தாள்.

"நீங்க நேரா ஊத்துறீங்களா?"

"வேற எப்படி ஊத்துவாங்க?"

"அய்யய்யோ. அப்படி ஊத்துனா விடமாட்டான். மொதல்ல அவன்தான் உங்க தலையில ஊத்தணும்."

"என் தலையிலயா? நான் வாரத்துக்கு ஒரு தடவ காசு குடுத்து முடி சுருட்டிக்கறேன்மா."

"அப்ப சுருட்ட மறந்துடுங்க." ஷெல்பியின் வாயோரம் லேசாக அசைந்தது. "அவன் ஊத்துவான், நீங்க 'ஆறு ஒடைஞ்சிருச்சு, ஊருக்குள்ள வெள்ளம்'னு கத்தணும். நல்லாக் கத்தணும், சும்மா முனகுனா ஏத்துக்க மாட்டான். அதுக்கப்புறம் அவன்தான் மேயர். நீங்க அணைக்குக் காவக்காரி. 'மேயர் சார், அணை நெறைஞ்சிருச்சு, தெறக்கலாமா?'ன்னு கேக்கணும். உடனே அணை எங்கன்னு அண்ணாந்து பாப்பான். அதுதான் நேரம். தல பின்னாடி சாயும், தண்ணி முதுகுப் பக்கமா ஓடிடும். காதுக்குப் போகாது. இப்படி..."

எழுந்து நின்று எதிரில் இருந்த காகிதக் கோப்பையை எடுத்தாள். தலையை அண்ணாந்து, இடது கையை நெற்றியில் அணையாக வைத்துக்கொண்டு, வலது கையால் கோப்பையைக் கவிழ்த்தாள். அதில் பாதிக் காப்பி இருந்தது.

அது அவள் முடியில் வழிந்து, சட்டைக் காலரில் இறங்கி, கிர்ஸ்டனின் அறிக்கைமேல் நாலைந்து பழுப்புச் சொட்டுகளாக விழுந்தது. ஷெல்பி கண்ணை மூடியபடி ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"வெள்ளம்" என்றார் மார்லிஸ்.

முதலில் சிரித்தது கிர்ஸ்டன்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். மார்லிஸ் கேக் டப்பாவில் இருந்த துடைக்கும் தாள்களை எல்லாம் உருவி ஷெல்பியின் கழுத்தில் ஒற்றினார். ஷெல்பி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அழாதே என்று சொல்ல என் நாக்கு பழக்கத்தில் எழுந்தது. கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்ன நடக்குது அங்க?" என்றார் வக்கீல்.

முழுச் சனிக்கிழமை கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம், ஒரே ஒரு முறை, சோதனையாக. முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் கிர்ஸ்டன் உள்ளே இருப்பாள். நடுவில் தெருவில், காரில் காத்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு மீதியை முடிவுசெய்வார்கள். என் மேலாளர் மறுநாள் என்னை அழைத்து, விதியை மீறியதற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். பிறகு என் முதல் வாரப் பாடத்தைத் திருத்தி எழுதித் தரச் சொன்னார். இன்னும் எழுதவில்லை. 'அழாதே' என்பதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"நீங்க மேல வீட்டுக்கு வராதீங்க, மிஸ் வெர்னெட்டா" என்று ஷெல்பி முன்னாலேயே சொல்லிவிட்டாள். "வந்தா உங்க மொகத்தப் பாத்துப் பாத்து உக்காருவேன். தெருவுல இருங்க. ஆனா இருங்க."

இருந்தேன். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் வெளிறிய காலை. மார்லிஸின் டிரக்கிலிருந்து ஓட்டிஸ் இறங்கினான், கிர்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான். பத்து நிமிடம் கழித்துக் கிர்ஸ்டன் மட்டும் இறங்கி வந்து, எனக்கு எதிர்ப்பக்கம் நின்ற தன் காரில் ஏறிக் குறிப்பேட்டைத் திறந்தாள். மாடி வீட்டில் சமையலறை ஜன்னல் விரலளவு திறந்திருந்தது. உள்ளே ஏதோ பொரிந்து, புகையை வெளியேற்றத் திறந்திருக்க வேண்டும்.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ கீழே விழும் சத்தம். தொடர்ந்து ஓட்டிஸ் அழ ஆரம்பித்தான். சிணுங்கல் இல்லை, தொண்டை கிழியும் அழுகை. அதற்கு மேல் ஷெல்பியின் குரலும் எழுந்தது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, ஆனால் உரக்க. அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி.

என் கை கதவுப்பிடிக்குப் போனது. எதிர்க் காரில் கிர்ஸ்டனின் தலை நிமிர்ந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு சாலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள். இரண்டு முன்கண்ணாடிகளுக்கு இடையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியில் துடைப்பான் ஒரு முறை போய்வந்தது. பேனா அவள் கையில்தான் இருந்தது. அவள் எழுதவும் இல்லை, இறங்கவும் இல்லை. நானும் இறங்கவில்லை.

அழுகை நிற்கவில்லை. ஆனால் அது ஓரிடத்தில் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து விலகி, நடுவில் எங்கோ மங்கி, பிறகு தெருப்பக்க ஜன்னலுக்கு வந்தது. மறுபடி உள்ளே போனது, மறுபடி வந்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்து, யாரோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பதுபோல.