மூடினால் தெரியாத வேலை

"வெல்டிங் விட்டிருக்கும் சார்" என்று கணவன் சொன்ன மாத்திரத்தில் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

படகைத் திருப்பும் சுக்கானை அவன் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் பழியைத் தூக்கிப் பெண்டாட்டி தலையில் வைத்தாயிற்று. அதுவும் யார் முன்னால்? படகின் சொந்தக்காரர் முன்னால். அவர் பல் டாக்டர். லீவு நாளில் பாய்மரப் படகே கதி என்று கிடப்பவர். சில மாதங்களுக்கு முன் இதே சுக்கானை இதே பட்டறையில் சரிசெய்து வாங்கிப் போனவர். முந்தாநாள் மகளோடு கடலுக்குப் போயிருக்கிறார். பிடியைத் திருப்பினால் படகு திரும்பவில்லை. நேரே பாறையைப் பார்த்துப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் வந்த மீன்பிடிப் படகு கயிறு வீசி இழுத்ததால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பட்டறையில் கணவனும் மனைவியும்தான். சுக்கானின் எஃகுத் தண்டில் பட்டைகளைப் பற்றவைப்பது அவள் வேலை. பட்டைகளைச் சுற்றி ரெசின் பசையும் நுரையும் நிரப்பி, இரண்டு பக்கமும் ஃபைபர் ஓடு வைத்து மூடுவது அவன் வேலை. மூடிவிட்டால் அவள் செய்தது யார் கண்ணுக்கும் தெரியாது. பளபளவென்று தெரிவதெல்லாம் அவனுடையது. பாராட்டு வந்தால் அவனுக்கு, பழுது வந்தால் அவளுக்கு. கல்யாணமான நாளாக இதே கதைதான்.

"எதை வச்சு சொல்றீங்க?" என்றாள்.

"ஓடு நல்லாத்தானே இருக்கு? ஓரம் மட்டும்தான் பிளந்திருக்கு. உள்ள பட்டை பிச்சுக்கிட்டதாலதான் தண்டு சும்மா சுத்துது."

"அறுங்க."

"எதுக்கு? பேசாம புதுசா ஒண்ணு..."

"அறுங்கன்னு சொல்றேன்ல! என் வெல்டிங் விட்டிருந்தா இனிமே நான் பத்தவைக்கிற டார்ச்சைத் தொட மாட்டேன். விடலேன்னா, தப்பா சொல்லிட்டேன்னு சார் முன்னாடியே சொல்லணும்."

டாக்டர் மேஜையைத் தட்டினார். "உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. என் பொண்ணு தூக்கத்துல அலறி எழுந்திருக்கா. யாரால ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவன் முனகிக்கொண்டே அறுக்கும் கிரைண்டரை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் கையில் கொடுத்தால் எங்கே அறுப்பானோ, யார் கண்டது! ஓரம் நெடுக அவளே அறுத்து, உளியைச் செருகி நெம்பினாள். ஓடு பெயர்ந்ததும் உப்புத் தண்ணீரில் ஊறிய நுரை குப்பென்று நாறியது. அதை வழித்துப் போட்டுவிட்டுச் சுத்தியலால் பட்டையைத் தட்டினாள். டங்கென்றது. அடுத்ததும் டங்கென்றது. வெல்டிங்கில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவள் திரும்பினாள். அப்போதுதான் பட்டையில் ஊன்றியிருந்த விரல் வழுக்கியது.

பட்டையின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஓரத்தைப் பாந்தமாக மடித்துச் சுற்றியிருந்தது. அந்த மடிப்பு அவளுடையது.

பற்றவைத்ததும் தூசி படாமலிருக்க அவள் எப்போதும் தாள் சுற்றித்தான் கொடுப்பாள். "உரிச்சிட்டு ஒட்டுங்க" என்று எப்போதும் சொல்வாள். தாளோடு விட்டால் ரெசின் பட்டையில் பிடிக்காது. ஆடி ஆடி ஒருநாள் கழன்றுகொள்ளும். இந்தச் சுக்கான் வந்த வாரம் அவள் சொல்லவில்லை. ஃபேன் சண்டை. ஃபேன் போட்டால் அவளுக்கு வெல்டிங் கெட்டுப்போகும். போடாவிட்டால் அவனுக்கு ரெசின் நாற்றத்தில் தலை வெடிக்கும். உப்புப் பெறாத சண்டை. ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் தண்டைக் கொண்டுவந்து அவன் மேஜையில் தொப்பென்று போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா மூடினீங்க?"

"நீதானே சுத்தி வச்சிருந்தே? ஏதோ புதுசா பண்றேன்னு நினைச்சேன்."

"வாயத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்திடும்?"

"நீ சொல்லியிருந்தா உனக்கு உதிர்ந்திருக்குமா?"

"யார் தப்பு?" என்றார் டாக்டர்.

பந்தயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். வெல்டிங் தங்கம் மாதிரி இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள நா கூசியது. அவன் மேல் வந்த ஆத்திரம் பாதி வழியில் திரும்பி அவளையே அறைந்தது.

"ஃபேனுக்குச் சண்டை போட்டுட்டுப் பேசாம இருந்தோம் சார். ரெண்டு பேரும்தான். அதுலதான் உங்க பொண்ணு பாறை வரைக்கும் போயிட்டு வந்திருக்கு."

டாக்டர் மூலையில் இருந்த ஃபேனைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "ஃபேனா? இதை நான் அவகிட்ட எந்த வாயால சொல்றது?" என்று கத்தினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "சரி பண்ணுங்க. மூடுற அன்னைக்கு நான் இங்க உட்கார்ந்திருப்பேன். செய்யறதை எல்லாம் என் காதுல விழற மாதிரி சொல்லிச் சொல்லித்தான் செய்யணும். என்கிட்ட வர்ற சின்னப் பசங்ககூட சொன்னா வாயைத் தொறக்குதுங்க."

சொன்னபடியே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கணவனும் மனைவியும் இன்னும் சமாதானமாகவில்லை. அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தண்டை மேஜையில் வைத்தாள்.

"தாளை உரிச்சாச்சு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் ஒவ்வொரு பட்டையாக விரலால் தடவினான். "உரிச்சாச்சு."

"கேக்கல" என்றார் டாக்டர்.

"உரிச்சாச்சு!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அவன் ரெசினைக் கலக்க ஆரம்பித்தான். அவள் போய் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டு, "ஃபேன் போட்டாச்சு" என்றாள்.