ஐந்தாவது பெயர்

நவமணி ஊற்றிய மரவள்ளிக் கஞ்சி அவள் புருஷன் சவரிமுத்துவின் கடைவாய் வழியே கழுத்துக்கு ஓடியது. முந்தானையால் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். உபதேசியார் பிச்சை தனியாகத்தான் வந்துகொண்டிருந்தார். சாமியாரைக் காணோம்.

"கரங்கான் ரோட்டுலயே ஜப்பான்காரன் மறிச்சிட்டான். பாஸ் இல்லாம யாரையும் விட மாட்டேங்குறான்லா."

"அப்ப நீங்களே கேளுங்க உபதேசியாரே. ரெண்டு நாளா பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னே அனத்துறாரு."

"ஜெபம் சொல்லலாம்மா. பாவத்தக் கேட்டு மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

சாவு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, இந்த மனுஷர் அதிகாரம் பேசுகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முழந்தாளிட்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிவிட்டு, குழி வெட்ட ஆள் பார்க்க எழுந்து போனார்.

அந்தப் பாவம் என்னவென்று நவமணிக்குத் தெரியும். போன வருஷம் ஜப்பான்காரர்கள் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்கு இந்தத் தோட்ட லயத்திலிருந்து ஐந்து பெயர் கேட்டார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவன் கங்காணி சவரிமுத்து. நாலு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆள் இல்லையென்றால் நீயே வண்டியில் ஏறு என்றார்கள். அவன் அடுத்த வீட்டு அம்மாசியின் பெயரை எழுதினான். ஜப்பான்காரனே ஆளைப் பொறுக்கினான் என்றுதான் லயத்தில் நம்பினார்கள். போன அம்மாசியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து சவரிமுத்து, சாமியார் எப்போது வருவார் என்று கேட்காத ஞாயிறு கிடையாது.

"ராக்காயியக் கூப்புடு," என்றான் சவரிமுத்து திடீரென்று. அம்மாசியின் மனைவி அவள்.

"எதுக்கு? நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. நான் இதே லயத்துல அவ மூஞ்சியில முழிக்க வேணாமா?"

"கூப்புடு நவமணி."

அவள் அவன் வாயைப் பொத்தினாள். மெல்லத்தான் பொத்தினாள். உள்ளங்கைக்கடியில் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. கையை எடுத்த பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலில் ஓடி வந்தவள் ராக்காயிதான். நவமணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடம்பைச் சுற்ற மடித்து வைத்திருந்த கோணியைப் பார்த்ததும் எழுந்து போய், ஒரு வெள்ளை வேட்டியோடு திரும்பி வந்தாள். துணி கண்ணில் படாத காலம் அது. லயத்தில் பாதிப் பேர் கோணியைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

"கங்காணியக் கோணியிலயா அனுப்புறது? இது எங்க வீட்டுக்காரரு கல்யாண வேட்டி. அவரு திரும்பி வந்தா ஒன்னும் சொல்ல மாட்டாரு. புடி."

வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நவமணியால் கையை நீட்ட முடியவில்லை.

"அக்கா, அண்ணன் பேர எழுதிக் குடுத்தது இவருதான். இவரு போயிருக்கணும்."

ராக்காயி நீட்டிய வேட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எழுதுன அன்னிக்கே. காலையில உங்களக் கூப்புடச் சொன்னாரு. நான்தான் வாயப் பொத்திட்டேன்."

ராக்காயி செத்தவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"சாமியார் சாமியார்னு ஒரு வருஷமா வழி பாத்தாரே, இதச் சொல்லவா?"

"ஆமாக்கா."

"நான் இங்கதான இருந்தேன்," என்றாள் ராக்காயி.

வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

குழி தயார் என்று சொல்ல வந்த பிச்சை, "துணி ஏதாச்சும் கெடச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"கோணியே இருக்கட்டும்," என்றாள் நவமணி. சாக்கு ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள்.