இத்தாலிய முத்திரை

விரல் ஐந்தும் இருக்க வேண்டும், பெருமாளே, வேறொன்றும் கேட்க மாட்டேன்.

புகை விலகும்வரை வைதேகிக்கு அது ஒன்றே நினைப்பு. பிளாக்டவுன் புறநகருக்கு அப்பால் இருந்த துப்பாக்கிச் சங்கத்தில், அவள் கணவன் சடகோபன் கரிமருந்து திணித்துச் சுடும் பழங்காலப் பாணி ரிவால்வரின் விசையை ஒருமுறைதான் அழுத்தினான். வெடித்ததோ உருளையின் மூன்று குண்டறைகள். பல் டாக்டரான அவனுக்குக் கைதானே எல்லாம்.

கரி அப்பிய கையோடு அவன் வந்தான். அவள் விரல்களைத் தொட்டு எண்ணினாள். ஐந்தும் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கத்துப் பொறுப்பாளன் ரான், தீ தாவாமல் அடைக்க மிச்சமிருந்த குண்டுகளின் மேல் தடவியிருந்ததை முகர்ந்து பார்த்தான். “என்ன இது, நண்பா?”

“நெய். மாட்டுக்கொழுப்பை நான் தொட மாட்டேன்,” என்றான் சடகோபன்.

“ஜனவரிக் கோடை வெயிலில் உருகி ஓடிவிட்டது. அதனால்தான் பக்கத்துக் குண்டறைகளுக்கும் தீ தாவியது.” ரான் குழலுக்கடியில் இருந்த சிறு முத்திரையைக் காட்டினான். “பழைய காலத்து அசல் என்று பீற்றிக்கொண்டாயே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் இத்தாலியில் செய்த நகல் இது. புது எஃகு, தாங்கிவிட்டது. நூறு வருஷத்து இரும்பு என்றால் உன் கையிலேயே சிதறியிருக்கும்.”

சடகோபனின் முகம் தொங்கிப்போனது. வைதேகிக்கோ சிரிப்பு வந்தது. நகலை அசலென்று விற்று ஏமாற்றிய கடைக்காரனைக் கும்பிடலாம் போலிருந்தது.

ரான் நெய்க்குப் பதிலாகத் தேன்மெழுகு டப்பாவை நீட்டினான். “இதில் மாடு இல்லை, தேனீதான்.”

“இன்னும் ஒரே ஒரு தடவை சுட்டுப் பாக்கறேன்,” என்று சடகோபன் அவள் பக்கம் திரும்பினான். “நீ பயந்துடுவே. கார்ல போய் உக்காந்துக்கோ.”

“வேண்டாம். நான் இங்கயே இருக்கேன்,” என்றாள் வைதேகி, மெதுவாக.