ஒரு சைஸ் பெரிய வளையல்

கர்ப்பிணிகளுக்கு என்னென்ன தேவை என்று சிவசங்கரியிடம் கேட்டால், கடை முதலாளிக்குப் பிடிக்காத பதில்தான் வரும். நேரு வீதியில் தாய்க்கும் பிள்ளைக்குமான சாமான்கள் விற்கும் கடையில் அவள் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். வயிற்றில் தடவும் க்ரீமை எடுத்துக்கொண்டு பில் போட வரும் பெண்ணிடம், "அக்கா, இத தடவினாலும் கோடு விழும், தடவாட்டியும் விழும். அந்தக் காசுக்கு வார் அகலமா ஒரு செருப்பு வாங்கிக்கங்க. கால் வீங்கறப்ப என்னைய நெனச்சுக்குவீங்க" என்று சொல்லிவிடுவாள். முதலாளி சக்கரபாணி கல்லாவிலிருந்து முறைப்பார். ஆனால் அந்தப் பெண்கள் அடுத்த மாதம் தங்கையையும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு சங்கரி எங்கே என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்கள். அதனால் அவர் முறைப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இப்படி ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் இரண்டாவது முறை உண்டானபோது, தன் வீட்டுக்கு ஒரு தலையணை கொண்டுபோக முடியவில்லை. காரணம் மாமியார் செல்வாம்பாள்.

செல்வாம்பாளை ஒரு கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் சொல்பவருக்கு வேலை மிச்சம். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. தாயில்லாத பெண் என்று, மருமகளுக்கு மீனில் முள் எடுத்துத் தட்டில் வைப்பவள். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இவளுக்குத் தாய்வீடும் நான்தான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தவள். விஷயம் வேறு.

முதல் முறை சிவசங்கரி உண்டானபோது, அவர்களுடைய மூலக்குளத்து வீட்டில் ஏழாம் மாதமே தொட்டில், கொசுவலை, குட்டிக் குட்டிச் சட்டைகள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. கடையில் வேலை, தள்ளுபடி விலை, போதாததற்கு ஆசை. எட்டாம் மாதம் கால் வீங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் கை, முகம். கூடவே தலைவலி. "வாயும் வயிறுமா இருந்தா வீங்கத்தான் செய்யும், உப்ப கொறச்சுக்கோ. செல்வம் வரட்டும், கேப்போம்" என்றாள் செல்வாம்பாள். சிவசங்கரியின் கணவன் செல்வகுமாருக்கு அரியாங்குப்பத்தில் ஒர்க்‌ஷாப். அவன் இருட்டிய பிறகு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையின் துடிப்பு நின்றிருந்தது. பிரஷர் ஏறியிருக்கிறது, காலையிலேயே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார் டாக்டரம்மா.

அந்த ஒரு சாவிலிருந்து இரண்டு பெண்களும் இரண்டு பாடம் படித்தார்கள். பிறக்கும் முன்னே சாமான் வாங்கியதுதான் கண்ணேறாகிவிட்டது என்பது செல்வாம்பாள் படித்தது. காத்திருந்ததுதான் பிள்ளையைக் கொன்றது என்பது சிவசங்கரி படித்தது. இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை எதற்கும், யாருக்கும் காத்திருப்பதில்லை என்று உண்டான அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"பிள்ளைக்கு ஒரு கர்சீப்கூட வாங்க மாட்டேன் அத்த. ஆனா எனக்கு ஒரு பிரஷர் மெஷின் வேணும், ஒருக்களிச்சு படுக்க நீளமா ஒரு தலையண வேணும். இதெல்லாம் எனக்கு, பிள்ளைக்கு இல்ல" என்று அவள் ஐந்தாம் மாதம் கேட்டாள்.

"உனக்கு வேற, அதுக்கு வேறயா? ரெண்டும் இப்ப ஒரே ஒடம்புதான. பொறக்கறதுக்கு முன்ன ஒரு சாமான் இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

"பழைய சேலைய சுருட்டி தலையணையா வச்சுக்கறேன். மெஷின மட்டும் விட மாட்டேன்."

"வீட்டுக்குள்ள வராது."

நாலு நாள் சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன. செல்வகுமார் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தான். அம்மாவிடம் "நீ சொல்றது சரிதான்" என்றான், மனைவியிடம் "நீ சொல்றதும் சரிதான்" என்றான். ஐந்தாம் நாள் மெஷினை வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தான். வண்டி வாசலில்தானே நிற்கிறது, வாசப்படி தாண்டவில்லையே என்றான். செல்வாம்பாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டம் சரியாக இருந்ததால் ஒப்புக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் தெருவே பார்க்கும்படி ஒரு கூத்து நடந்தது. கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சிவசங்கரி உட்காருவாள், செல்வகுமார் டிக்கியைத் திறந்து மெஷினை எடுத்து அவள் கையில் பட்டையைச் சுற்றுவான், பார்த்து முடித்ததும் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். எதிர்வீட்டு சின்னப்பாப்பா கோலம் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்று விசாரிப்பாள். சிவசங்கரிக்கு வெட்கமெல்லாம் இல்லை. நடுத்தெருவில் பாய் போட்டுப் படுக்கச் சொல்லியிருந்தாலும் படுத்திருப்பாள்.

வளைகாப்புக்கு வளையல் எடுக்கப் பெரிய மார்க்கெட் பக்கம் அக்தர் பேகத்தின் கடைக்குப் போனார்கள். மூன்று தலைமுறையாக வளையல் கடை அது. எல்லோரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சிவசங்கரியின் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து ஒரு அழுத்து அழுத்தி, அளவு வளையலை எடுத்து வைத்தார்.

"இதுக்கு ஒரு சைஸ் பெருசா குடுங்க பாயம்மா" என்றாள் சிவசங்கரி.

"லொடலொடன்னு முழங்கை வரைக்கும் போவும்" என்றாள் செல்வாம்பாள்.

"பிள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்றது நீங்கதான அத்த. அப்ப கை வீங்கினாலும் தாங்கற மாதிரிதான எடுக்கணும்."

"வீங்கும்னு வாயால சொல்லாத."

அக்தர் பேகம் எத்தனை மாமியார் மருமகளைப் பார்த்தவர். "பெருசாவே போடட்டும்மா. லூசா இருந்தாதான் சத்தம் நல்லா வரும், உள்ள இருக்கற புள்ள கேக்கும்" என்று பெரிய சைஸைக் கட்டிக் கொடுத்தார். பிள்ளை கேட்கும் என்ற ஒரு வார்த்தையில் செல்வாம்பாள் அடங்கிப்போனாள்.

அடங்கியது மட்டும் இல்லை, அந்தச் சத்தத்துக்கு அவள் பழகியும்போனாள். வளைகாப்புக்குப் பிறகு சிவசங்கரி எந்த அறையில் இருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாளா, நடக்கிறாளா என்பதெல்லாம் வளையலைக் கேட்டே அவளுக்குத் தெரிந்தது. ராத்திரியில் புரண்டு படுத்தால்கூடப் பக்கத்து அறையில் கண் விழித்து, சரி, புரளத்தான் புரள்கிறாள் என்று திரும்பத் தூங்குவாள்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சிவசங்கரி கடையிலிருந்து லீவு எடுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் வண்டி ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று செல்வகுமார் விடிவதற்குள் கிளம்பிவிட்டான். அவன் போனது தெரியாமல் அவள் தூங்கிவிட்டாள். மெஷினும் டிக்கியோடு அரியாங்குப்பம் போய்விட்டது. ஒரு நாள்தானே, சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் நினைத்தாள். தலை கொஞ்சம் வலித்தது. நேரம் தப்பித் தூங்கியதால் இருக்கும் என்று அதையும் விட்டாள். எவ்வளவு பெரிய வைராக்கியக்காரியும் ஒரு காலைப்பொழுது அசந்துவிடுவாள்.

செல்வாம்பாள் பின்கட்டில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் வந்தது, துணி உதறும் சத்தம் வந்தது. வேறு ஒன்று வரவில்லை.

"சங்கரி, வளையல கழட்டிட்டியா?"

"இல்லையே அத்த."

"பொய் சொல்லாத. சத்தமே காணோம்."

மீன் கையோடு சண்டைக்கு எழுந்து வந்தாள் செல்வாம்பாள். சிவசங்கரி நிமிர்ந்து கையை உயர்த்திக் காட்டினாள். வளையல்கள் இருந்தன. முழங்கை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தவை மணிக்கட்டுக்கு மேலே ஒன்றோடொன்று நெருக்கியபடி சதையில் பதிந்து நின்றன. அவள் கையை உதறினாள். ஒன்றுகூட அசையவில்லை.

இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"நேத்து எலுமிச்சங்கா ஊறுகா தின்ன இல்ல. உப்பு. அதுதான்" என்றாள் செல்வாம்பாள். குரலில் பலமில்லை. "செல்வம் வரட்டும், மெஷின்ல பாத்துட்டு..."

"போன தடவையும் இததான் சொன்னீங்க அத்த."

இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செல்வாம்பாளுக்கு யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது.

"தல வலிக்குது, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது. கால் வீங்கினா பரவால்ல, கையும் முகமும் வீங்கி தல வலிச்சா அந்த நிமிஷமே வந்துடுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சொல்லிவிட்டு ஈரப் புடவையோடு உள்ளே போய் ஆஸ்பத்திரி ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? துணிப்பையா, துண்டா, எதுவும் கட்டி வைக்கக் கூடாது என்பதுதானே வீட்டுச் சட்டம். தெருமுனைக்கு நடந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது, பின்னாலேயே மீன் வாடையோடு செல்வாம்பாளும் ஏறினாள். ஆய்ந்த மீன் அப்படியே கிடந்தது. பின்கட்டுப் பூனைகளுக்கு அன்று கல்யாண விருந்து. போகும் வழியெல்லாம் செல்வாம்பாள் அந்த மணிக்கட்டைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இன்னொரு முறை பார்த்தாள், பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நூற்று எழுபதுக்கு மேல் இருந்தது. பிள்ளையின் துடிப்பைக் கேட்டார்கள். இருந்தது. குதிரை ஓடுவது போல அந்த அறை முழுக்கக் கேட்டது. சிவசங்கரி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். இந்த முறை நேரத்தோடு வந்துவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டு கையிலயும் ஊசி போடணும், வளையல எல்லாம் எடுங்க" என்றாள் நர்ஸ். "வெட்டறதுக்கு ஆள் கூப்பிடட்டுமா?"

பிள்ளை பிறக்கும் முன் வளையலை எடுப்பதாவது. சிவசங்கரி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், வாதாடத் தயாராக. ஆனால் செல்வாம்பாள் யாரையும் கூப்பிடவிடவில்லை. "நானே எடுக்கறேன்" என்று முந்தானையை மருமகளின் கைக்கும் வளையலுக்கும் நடுவே நுழைத்து, கட்டில் கம்பியில் மெதுவாகத் தட்டி ஒவ்வொன்றாக உடைத்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு கோடாக இருந்தது. கண்ணாடி ஒன்று அவள் விரலைக் கிழித்தது, பொருட்படுத்தவில்லை. கடைசி வளையல் உடைந்ததும், "வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்த."

"போன தடவ நான்தான் ஒன்ன உக்கார வச்சுட்டேன்" என்றாள் செல்வாம்பாள். உடைந்த துண்டுகளை முந்தானையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கே அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட வேண்டும், பிள்ளை சின்னதாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். போனில் தகவல் கிடைத்துச் செல்வகுமார் மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் பிரஷர் மெஷின். ஆஸ்பத்திரிக்கு அதை ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நர்ஸ் அவனையும் பெட்டியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அவன் வந்த கையோடு செல்வாம்பாள் காணாமல் போனாள். கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார்கள். சிவசங்கரியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்த நேரத்தில், அவள் வராந்தாவில் வேகுவேகென்று வந்தாள். கையில் ஒரு பை. சிவசங்கரிக்கு அந்தப் பையை இருட்டில் காட்டினாலும் தெரியும். நேரு வீதியில் அவள் தினமும் மடித்துக் கொடுக்கும் பை அது.

செல்வாம்பாள் பையிலிருந்து மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"பொறந்த பெறகு குடுங்கம்மா, இப்ப எதுக்கு?" என்றாள் நர்ஸ்.

"இப்பவே வாங்கிக்க தாயி. பொறக்கத்தான் போவுது. அவ பாத்துட்டு உள்ள போவட்டும்."

சிவசங்கரி பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் கடைக்காரி. அது தலை வழியாக மாட்டுகிற சட்டை. பச்சைப்பிள்ளைக்கு முன்பக்கம் முடிச்சுப் போடுகிறதைத்தான் எடுக்க வேண்டும் என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் அவள் படித்துப் படித்துச் சொல்வது. அளவும் மூன்று பங்கு பெரிது.

"தப்பான சட்ட அத்த. பில்ல பத்திரமா வைங்க, மாத்திக்கலாம்."

"எனக்கு என்ன தெரியும்? நீயே வந்து மாத்து" என்றாள் செல்வாம்பாள்.

கதவு மூடிக்கொண்டது. செல்வாம்பாள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மெல்லியதாக, பூனைக்குட்டி அளவுக்கு ஒரு அழுகை வந்தபோது முதலில் எழுந்து நின்றது அவள்தான்.

சிவசங்கரி பிள்ளையோடு வீடு திரும்பிய பிறகும் அந்தச் சட்டையை மாற்றவில்லை. பெண் பிள்ளை, சட்டை நிறையும் அளவுக்கு அவள் வளர ஐந்து மாதம் ஆனது.