சாரல் லாட்ஜில் ஒரு வகுப்பு

சவூதியில், தம்மாமில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய மூசா, மனைவி மெஹர் பானுவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குற்றாலத்தில் சாரல் லாட்ஜில் ஒருநாள் தங்க வேண்டும். கல்யாணமான புதிதில், அவர் விமானம் ஏறுவதற்கு முன், இருவரும் தங்கியது அங்கேதான். அப்புறம் அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் பெரும்பாலும் போனில்தான்.

தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கினால் லாட்ஜ் போர்டைக் காணோம். ‘பல்கலைக்கழகப் படிப்பு மையம்’ என்றிருந்தது.

"லாட்ஜ மூடி ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி" என்றார் காவலாளி சிவசைலம். "மொதல்ல இது ஒரு மிளகு யாவாரி கட்டின பங்களா. பொறவுதான் லாட்ஜ் ஆச்சு. கொரோனாவுல சீசனே இல்லாமப் போச்சுல்லா, ஓனரால தாக்குப்பிடிக்க முடியல. இப்போ சனி, ஞாயிறு இங்கன கிளாஸ் நடக்குது. மேல போய்ப் பாருங்க."

மாடியில் அவர்கள் தங்கிய அறையையும் அடுத்த அறையையும் ஒன்றாக்கியிருந்தார்கள். கட்டில் கிடந்த இடத்தில் பெஞ்சுகள். மூசாவின் முகம் தொங்கிப்போயிற்று.

மெஹர் பானுவின் கண் கடைசி பெஞ்சில் நின்றுவிட்டது. அவள் வயதுப் பெண் ஒருத்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமான மெஹர் பானு, பாடம் முடியும்வரை வராந்தாவிலேயே நின்று கேட்டாள்.

"நானும் சேரப்போறேன்" என்றாள் படியிறங்கும்போது.

"என்னட்டி சொல்லுத? உன்கூட இருக்கணும்னுதான எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்!"

"இத்தன வருஷம் நான் காத்துத்தான கெடந்தேன்? வாரத்துல ரெண்டு நாளு நீங்க காத்திருங்க."

ராத்திரி அவர் சோற்றைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. தம்மாமில் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த அறையைத்தானே நினைத்திருப்பார் மனுஷன்! ஆனாலும் படிப்பு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலையில் மூசாவே கேட்டார்: "சேர என்னென்ன கொண்டுட்டு போவணும்?"

முதல் வகுப்பு முடிந்து அவள் வெளியே வந்தபோது, அருவியில் குளித்த ஈரத்தலையோடு வாசலில் நின்றார்.

"பசிக்குதா?"

"இல்ல."

"அப்போ ஏறு. என்ன பாடம் நடத்துனாங்கன்னு சொல்லிக்கிட்டே வா."

தென்காசி வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் ஏதோ புரியாமல் அவர் வண்டியை ஓரங்கட்டி, திரும்பவும் சொல்லச் சொன்னார்.