பூட்ஸ் காலோடு

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாத நான், வரதட்சணையாக முந்நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன், மடையன். சோழவந்தானில் மாமனார் உக்கிரபாண்டி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா விடுங்க மாப்ள" என்றார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்று ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கிளட்சைப் பட்டென்று விட்டேன். பழம் நசுங்கியது. வண்டி என்னோடு பாய்ந்து, சாலையோரத்தில் இருந்த அவருடைய வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்து, இரண்டு வரிசைக் கொடிகளைச் சாய்த்துவிட்டு விழுந்தது.

கொடிக்காலுக்குள் அங்கே யாரும் செருப்புக் காலோடு நுழைவதில்லை. பதறி ஓடிவந்த மாமனார்கூட வரப்பில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் பூட்ஸ் காலோடு கிடந்தேன்.

"அடி பட்டுச்சா மாப்ள?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் குனிந்து என் பூட்ஸ் இரண்டையும் கழற்றினார். பிறகுதான் கை கொடுத்துத் தூக்கினார்.